நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தில்லைநாயகம் முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரரைக் கொன்றிருந்தார். கத்தியால் அல்ல, பேனாவால். தான் எழுதிய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், பனி கொட்டும் ஒரு காலையில் அந்த மனிதரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்மூட வைத்து, ஊரையே அழவிட்டு, சவப்பெட்டிமேல் மூன்று புத்தகங்களை அடுக்கி அடக்கம் பண்ணிவிட்டார். படித்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்போது அந்தச் செத்த மனிதர் வியாழக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கப்போகிறார் என்று குருபிரசாத் வந்து நிற்கிறான். எழுதினவருக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

"உயிரோட இருக்காராம் அண்ணாச்சி!" குருபிரசாத்துக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. வண்ணார்பேட்டை வாசகர் வட்டத்துக்கு அவன்தான் செயலாளர். வங்கியில் வேலை, மிச்ச நேரமெல்லாம் கூட்டம் போடுவது. "எண்பத்து மூணு வயசாம். நம்ம ஊர்ப் பிள்ள சுகிர்தான்னு ஒண்ணு அங்கன கம்ப்யூட்டர் வேலையில இருக்கு. அந்த ஊர் நூலகத்துல இவரு படத்தைப் பாத்துட்டு, 'இவரைப் பத்தி நான் காலேஜ்ல படிச்சிருக்கேனே'ன்னு சொல்லியிருக்கு. அவருக்கு ஒண்ணும் புரியல. அந்தப் பிள்ள ஊருலேருந்து உங்க புத்தகத்தை வரவழைச்சு, ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்து வரிவரியா இங்கிலீஷ்ல சொல்லியிருக்கு. இப்பம் அவரே கிளம்பி வாராரு. ஞாயித்துக்கிழமை கூட்டம். நீங்களும் அவரும் ஒரே மேடையில!"

"ரொம்பச் சந்தோஷம்" என்றார் தில்லைநாயகம். வரிவரியாகவா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

நடந்தது இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் அவர் நூலகராக இருந்த காலத்தில், ஜங்ஷன் பக்கம் பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. அதில் லோதர் வீப்கெ என்பவரைப் பற்றி ஒரு கட்டுரை. வடக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் நூலகர். கூடவே விமர்சகர். தன் நூலகத்தில் யாருமே எடுத்துப் படிக்காத புத்தகங்களாகத் தேடிப் படித்து, அவற்றுக்கு மட்டுமே விமர்சனம் எழுதுவாராம். தில்லைநாயகத்துக்கு அந்த மனிதர்மேல் அப்படியொரு பிரியம் வந்துவிட்டது. தமிழில் எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். வாசகர்கள் கொண்டாடிவிட்டார்கள். "இன்னும் இருக்கா?" என்று ஆசிரியர் கார்டு போட்டார். கட்டுரை மொத்தமே மூன்றரைப் பக்கம்தான், கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. "இருக்கிறது" என்று இவர் பதில் போட்டார். சனி பிடித்தது அங்கேதான்.

அப்புறம் முப்பது வாரம் தொடராக வந்தது. வீப்கெக்கு ஒரு தாய் வந்தாள், பள்ளிக்கூடம் வந்தது, ஆறு வந்தது, கைகூடாத ஒரு காதலும் வந்தது. வாழ்க்கை வரலாறு என்றால் சாவு இல்லாமல் எப்படி முடிப்பது? அதையும் கொடுத்தார். 'ஏணிமேல் நின்றவர்' என்று புத்தகமாகி, கல்லூரிகளில் பதினோரு வருடம் துணைப்பாடமாக ஓடியது. கடைத்தெருவில் அவருக்கு 'ஜெர்மன் தில்லை' என்றே பெயர். எழுபத்தைந்து வயதில் அவரிடம் வேறு சொத்து எதுவும் இல்லை, அந்தப் பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்காரர் மேடையேறி, "இவர் எழுதியதெல்லாம் கட்டுக்கதை" என்று ஒரு வாக்கியம் சொன்னால் அதுவும் போயிற்று.

"செத்தவரு எப்படிங்க வருவாரு?" என்று கேட்டாள் பார்வதியம்மாள்.

"தகவல் பிசகு."

"தகவல் பிசகா! பனி கொட்டுச்சு, குருவி கத்துச்சுன்னு பக்கத்துல நின்னு பாத்த மாதிரில்லா எழுதியிருந்தீக."

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை ரயிலிலிருந்து இறங்கிய மனிதர் நல்ல உயரம். அந்த உயரத்துக்கே முதுகு வளைந்திருந்தது. தோளில் துணிப்பை, காதுமேல் ஒரு துண்டுப் பென்சில். தில்லைநாயகத்தின் கையைப் பிடித்தவர் சீக்கிரம் விடவில்லை.

"என்னைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் நீங்கள்தானா?" என்றார் ஆங்கிலத்தில்.

இது பாராட்டா, குத்தலா? தில்லைநாயகம் அந்த முகத்தில் தேடிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நீல நிறக் கண்கள் இவரையே பார்த்துச் சிரித்தன. வக்கீல் நோட்டீஸோடு வருகிறவன் இப்படிச் சிரிக்கமாட்டான் என்று ஒரு மனது சொன்னது. இப்படித்தான் சிரிப்பான் என்று இன்னொரு மனது சொன்னது.

லாட்ஜில் பையை வைத்த கையோடு, ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார் வீப்கெ. கோயிலைக் கேட்கவில்லை, கடைத்தெருவைக் கேட்கவில்லை. ஆறு! குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனார்கள். படித்துறையில் அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். இறங்கும்போது உதடு அசைந்தது. எண்ணுகிறார்! கடைசிப் படியில் நின்று, பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பென்சிலால் ஒரு குறி போட்டார். பிறகு தண்ணீருக்கு நடுவே இருந்த முருகன் கோயிலை வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளம் வந்தால் இது கழுத்துவரை மூழ்குமோ?" என்று கேட்டார்.

"ஆமாமா, முழுக்கவே முங்கிரும்" என்றான் குருபிரசாத், ஆங்கிலமும் தமிழுமாக.

"என் ஊர் தேவாலயமும் அப்படித்தான். இருபத்தெட்டாம் பக்கம்." இன்னொரு குறி போட்டார்.

குருபிரசாத் ஆகா என்று சிரித்தான். எவ்வளவு ஒற்றுமை பாருங்கள் என்றான். அந்தப் பயலுக்கு எது சொன்னாலும் சந்தோஷம்தான். தில்லைநாயகத்துக்குப் படிக்கட்டிலேயே கால் வழுக்கியது. ஜெர்மனியில் ஆற்றுக்கு நடுவே எந்தப் பைத்தியக்காரன் தேவாலயம் கட்டுவான் என்று எழுதும்போது ஒரு நிமிடமாவது யோசித்தாரா இவர்? தெரிந்த ஆறு இது ஒன்றுதான், படித்துறையோடு தூக்கி அங்கே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் விருந்து. பார்வதியம்மாள் சொதி வைத்திருந்தாள், இஞ்சிப் பச்சடியும். வெள்ளைக்காரர் காரம் தாங்குவாரா என்று அவளுக்குக் கவலை. அவர் கையால் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு, முகத்தை ஒரு சுருக்கமும் இல்லாமல் வைத்துக்கொண்டு கேட்டார்: "தேங்காய்ப்பால் விட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் என் அம்மா செய்வாளே, அந்தக் குழம்பு இதுதானே?"

தில்லைநாயகத்துக்குப் புரையேறியது.

"என்ன சொல்லுதாக?" என்றாள் பார்வதியம்மாள்.

"சொதி நல்லாருக்காம்."

எல்லாம் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறான் மனுஷன். இரண்டு நாளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு குற்றம் சொல்லவில்லை. மேடைக்காகச் சேர்த்து வைக்கிறான், அதுதான். நூறு பேர் முன்னால் பக்க எண்ணோடு வாசிக்கப்போகிறான். அந்த நோட்டில் என்னதான் எழுதியிருக்கிறது?

சாப்பிட்ட அசதியில் வீப்கெ கூடத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பார்வதியம்மாள் பாத்திரம் ஒழிக்க உள்ளே போனாள். நாற்காலியில் அசையாமல் கிடந்த அந்த உருவத்தைப் பார்த்ததும் தில்லைநாயகத்துக்கு ஒரு கணம் திக்கென்றது. எழுதினது எழுதினபடியே நடந்துவிட்டதோ? கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நிம்மதியா, ஏமாற்றமா என்று அவருக்கே தெரியவில்லை. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே துணிப்பைக்குள் கையை விட்டார்.

நோட்டில் வரிசையாக எண்கள். எட்டு, பதினேழு, இருபத்தெட்டு, நாற்பத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சரிக்குறி. ஒரே ஓர் எண்ணுக்குக் குறி இல்லை. சுற்றி இரண்டு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. நூற்றுப் பன்னிரண்டு. கீழே ஒரு பெயர், ஓட்டோ.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று புத்தகத்தை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. இளைஞரான வீப்கெ, தான் மணக்க விரும்பிய பெண்ணின் தந்தைக்குக் காட்டுவதற்காக, நூலகத்துக் கண்ணாடி பீரோவிலிருந்து ஒரு பழைய பறவைப் படப் புத்தகத்தைப் பதிவு செய்யாமல் எடுத்துப்போகிறார். திரும்பும்போது மாலை நாலு பத்து டிராமில் அதை மறந்துவிட்டு இறங்கிவிடுகிறார். பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், மற்றொன்று கடைநிலை ஊழியன் ஓட்டோவிடம். ஓட்டோவைத் திருடன் என்று வேலையை விட்டுத் துரத்துகிறார்கள். வீப்கெ வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் பக்கம்தான்" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

வீப்கெ கண்ணைத் திறந்திருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட தில்லைநாயகம் நோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"உட்காருங்கள்" என்றார் வீப்கெ, அது அவருடைய வீடு போல. "என் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். அட்டைகளை அகரவரிசையில் அடுக்கினேன். புத்தகங்களைப் பற்றி எழுதினேன். என் அம்மா பாடியதே இல்லை, சமையலும் வராது. நீங்கள் எனக்குப் பாடுகிற அம்மாவைக் கொடுத்தீர்கள். ஆற்றைக் கொடுத்தீர்கள். நல்ல சாவுகூடக் கொடுத்தீர்கள். சுகிர்தா படித்துச் சொன்னபோது நான் அழுதேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஓட்டோ என்னுடையவர் இல்லை."

"அது... கதைக்காக..."

"நாற்பது வருடம் விமர்சனம் எழுதியவன் நான். உங்கள் புத்தகத்தில் ஒரு மரம் வந்தால்கூட அதற்கு மூன்று அடைமொழி. இந்த ஒரு பக்கத்தில் மட்டும் எந்த அலங்காரமும் இல்லையென்று சுகிர்தா சொன்னாள். கற்பனை செய்கிறவன் 'மாலையில்' என்று எழுதுவான். நாலு பத்து என்று நினைவிருக்கிறவன்தான் எழுதுவான். எங்கள் ஊரில் டிராமே கிடையாது, தில்லைநாயகம்."

தில்லைநாயகம் நோட்டை மூடித் துணிப்பைமேல் வைத்தார்.

"அந்தப் பக்கத்தைப் படித்த அன்று சுகிர்தா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. 'ஏன் அப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டாள். நான் செய்யவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. செய்யாத ஒன்றுக்காக ஒருவர் நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு எண்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்." எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை, இந்தப் புத்தகம் என் வாழ்க்கைதான் என்று மேடையில் சொல்வேன். இந்தப் பக்கத்தை மட்டும் உங்களிடம் திருப்பித் தருவேன். வாங்கிக்கொள்வதும் விடுவதும் உங்கள் பாடு."

ஓட்டோவின் பெயர் மாரிக்கண்ணு. அந்தக் கல்லூரி நூலகத்தில் அட்டெண்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் தில்லைநாயகம் ஆழ்வார்திருநகரிக்குப் பெண் பார்க்கப் போனார். பார்வதியின் அப்பா பழைய புத்தகம் என்றால் உயிரை விடுவார் என்று தரகர் சொல்லியிருந்ததால், பீரோவிலிருந்த பறவைப் படப் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனார். அங்கே நல்ல பெயர்தான் கிடைத்தது. வரும்போது நாலு பத்து பஸ்ஸில் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். அடுத்த வாரம் புத்தகக் கணக்கெடுப்பு வந்தது. "உம்ம சாவி உம்மகிட்டதானே வே இருந்தது?" என்று கல்லூரிச் செயலர் கேட்டார். "ஆமா" என்றார் இவர். அவ்வளவுதான் சொன்னது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று நாற்பத்தொரு வருடமாகத் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருக்கிறார். அந்த ஒற்றை 'ஆமா'வில் மாரிக்கண்ணுவின் வேலை போயிற்று.

சனிக்கிழமை காலை வள்ளியூர் பஸ்ஸில் ஏறினார். மாரிக்கண்ணு அங்கே மகளோடு இருப்பதாக எப்போதோ காதில் விழுந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கத்தான் போனார். இல்லையென்றால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. செத்தவர்களெல்லாம் எழுந்து வருகிற வாரம் அது. அந்த ஆசையும் பலிக்கவில்லை.

சந்தைக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாரிக்கண்ணு பூதக்கண்ணாடி வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சந்தையில் முப்பது வருடம் வாழைத்தார் சுமந்த தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"வாங்க சார். பொன்செல்வி, சாருக்கு ஒரு நாற்காலி கொண்டாம்மா."

"என்னைத் தெரியுதா மாரிக்கண்ணு?" அந்தக் காலத்தில் வாடா போடா என்று கூப்பிட்ட ஆள். இப்போது நீ என்பதா நீங்கள் என்பதா என்று நாக்கு தடுமாறியது.

"தெரியாம என்ன? எதுக்கு வந்திருக்கீக?" குரலில் மரியாதை இருந்தது. கண்ணில் இல்லை. "நாளைக்குக் கூட்டமாம்லா. செத்துப்போன வெள்ளைக்காரரு வாராராம், பேப்பர்ல போட்டிருக்கான்."

"சும்மா... இந்தப் பக்கம் வந்தேன்."

"சும்மாவா? நாப்பத்தொரு வருசமா இந்தப் பக்கம் பஸ் ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு."

நாற்காலி கொண்டுவந்த பொன்செல்வி போகாமல் கதவோரம் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், பள்ளிக்கூட ஆசிரியை. "உங்க புத்தகம் எங்களுக்குத் துணைப்பாடம் சார்" என்றாள். "பி.ஏ. ரெண்டாம் வருசம். 'ஓட்டோவின் பாத்திரப் படைப்பை விளக்குக.' பத்து மார்க்கு. ஒம்பது வாங்குனேன்."



"சத்தம் போட்டுப் படிப்பா" என்றார் மாரிக்கண்ணு. "சுமை இறக்கிட்டு வந்து படுத்துக்கிட்டே கேப்பேன். கண்ணாடி பீரோ வருது. ரெண்டு சாவி வருது. பொண்ணு வீட்டுக்குப் புத்தகம் போவுது. நாலு பத்து வண்டி வருது. ஏ பிள்ள, நிறுத்து, மறுபடி படின்னு சொன்னேன். மூணு தடவ படிச்சா. அன்னைக்குப் பொண்ணு பாக்கப் போறேன்னு அரைநாள் லீவு போட்டது நீங்கதானே சார்?"

"அப்பமே தெரியுமா?" என்றார் தில்லைநாயகம். "ஏன் வந்து கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீக? அது ஜெர்மன்காரன் கதைம்பீக. புத்தகத்துல இருக்கதை ஊரு நம்பும். சுமை தூக்குதவன் சொன்னா நம்புமா?" அவர் பேப்பரை மடித்தார். மெதுவாக, நாலாக, எட்டாக மடித்தார். "ஊரை விடுங்க சார். எம் பொண்டாட்டி இசக்கித்தாய் நம்பல. நான்தான் எடுத்து வித்துட்டேன்னு நெனச்சா. 'எங்கன வச்சிருக்கீரு, சொல்லிரும், கொண்டுபோயிக் குடுத்துட்டு வேலையைக் கேப்போம்'னு அழுவா. நான் சந்தைக்குப் போனப்பொறம் அடுக்களைத் தரையைத் தோண்டிப் பாத்திருக்கா. தொண்ணூத்தாறுல செத்துப்போனா. இவ இதைப் படிச்சது தொண்ணூத்தொம்பதுல."

மூன்று வருடம். தில்லைநாயகம் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். புத்தகம் வந்தது தொண்ணூற்றிரண்டில். அன்றைக்கே ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தால்கூட அந்தப் பெண்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். தபால்செலவுதான் ஆகியிருக்கும். வெட்கத்தில் அவருக்கு உடம்பு எரிந்தது.

"நாளைக்கு... மேடையில சொல்லுதேன்" என்றார்.

மாரிக்கண்ணு அவரை மேலும் கீழும் பார்த்தார். "நம்பிக்கை இல்ல சார். வந்து பாக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. செத்துப் பிழைத்தவரைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பழைய மாணவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் பட்டுச்சேலையோடு பார்வதியம்மாள். நாலாவது வரிசை ஓரத்தில், வெள்ளைச் சட்டையில் மாரிக்கண்ணு, பக்கத்தில் பொன்செல்வி.

வீப்கெ ஆங்கிலத்தில் பேசப் பேச, குருபிரசாத் தமிழாக்கினான். "இந்தப் புத்தகத்தில் இருப்பது என் வாழ்க்கை" என்று அவர் சொன்னதும் கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. தில்லைநாயகம் அதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பெயர் பிழைத்துவிட்டது. பிறகு வீப்கெ புத்தகத்தை விரித்து அவரிடம் நீட்டி, "இந்த ஒரு பக்கம் மட்டும் நான் வாழாதது. இதை எழுதியவரிடமே திருப்பித் தருகிறேன்" என்றார்.

குருபிரசாத் விழித்தான். கூட்டம் நடத்துகிறவனுக்கு இப்படியொரு வாக்கியம் எதற்கு? ஒரு நொடி யோசித்து, மைக்கில் உற்சாகமாகச் சொன்னான்: "இந்தப் பக்கம் அவருக்கு ரொம்பப் பிடிச்ச பக்கமாம்! நூலாசிரியரே வாசிக்கணும்னு கேட்டுக்கிடுதாரு!"

தில்லைநாயகம் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். தப்பிக்க வழி தானாகத் திறந்து கிடக்கிறது. வாசித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். வீப்கெக்குத் தமிழ் தெரியாது. குருபிரசாத்துக்கு விஷயம் தெரியாது. மைக்கைப் பிடித்து, "அந்த வருடம் வீப்கெ..." என்று ஆரம்பித்தும் விட்டார். நாலாவது வரிசையில் எதையோ எதிர்பார்த்து முன்னால் சாய்ந்திருந்த மாரிக்கண்ணு, அந்த முதல் வரியைக் கேட்டதும் பின்னால் சாய்ந்துகொண்டார். கோபம்கூட இல்லை. எனக்குத் தெரியும் என்கிற மாதிரி ஒரு சாய்வு.

அதைத் தாங்க முடியவில்லை. தில்லைநாயகம் புத்தகத்தை மூடினார்.

"வீப்கெ இல்லை. நான். அந்தப் புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்தது நான். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த நாலு பத்து பஸ்ஸில் தொலைத்தது நான். மாரிக்கண்ணு எடுக்கவில்லை. அவரைத் திருடன் என்றபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்."

அப்புறம் இடி மாதிரி கைதட்டல்! "அடடா, என்னமா நடிச்சுக் காட்டுதாரு பாரு!" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். பாடத்தில் படித்த பக்கம், பத்து மார்க் கேள்வி. நம் ஊருக்கு மாற்றிச் சொல்கிறார் ஆசிரியர் என்று பழைய மாணவர்களெல்லாம் எழுந்து நின்று தட்டினார்கள். குருபிரசாத் கண்கலங்கித் தட்டினான்.

"தட்டாதீங்க!" தில்லைநாயகம் கத்தினார். "இது கதை இல்ல! தட்டாதீங்கய்யா!" இன்னும் பலமாகத் தட்டினார்கள். நூற்று எண்பது பக்கம் பொய் எழுதியபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. இப்போது ஒரே ஓர் உண்மையைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் தேம்பித் தேம்பி அழுதார். அதற்கும் கைதட்டல்.

முன்வரிசையில் பார்வதியம்மாள் எழுந்தாள். அவள் மட்டும் தட்டவில்லை.

"பறவைப் படம் போட்ட புத்தகமா?" என்றாள். மைக் இல்லாமலேயே அது கேட்டது. "எங்க வீட்டுக்கு என்னைப் பாக்க வந்தன்னைக்குக் கொண்டாந்தீகளே, எங்க அப்பா மடியில வச்சுப் பாத்தாகளே, அதா? அதுக்கா ஒரு மனுசன் வேலை போச்சு?"

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று வீப்கெ கேட்டார். குருபிரசாத் பார்வதியம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாலாவது வரிசையில் மாரிக்கண்ணு எழுந்து நின்றார். பொன்செல்வி கையைப் பிடிக்கப் போனாள், அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மண்டபமே திரும்பி அவரைப் பார்த்தது.

"நான்தான் மாரிக்கண்ணு. நூலக அட்டெண்டர்" என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கைதட்டுன சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல சார். இன்னொரு தடவ சொல்லுங்க. பையச் சொல்லுங்க."